நான்காவது பாட்டு எங்கே?

காலையிலிருந்து ஒரு வாய்த் தேநீருக்குக்கூட எழும்பாமல் அவையைத் தாங்கும் தலைவர் யோகராசா மாமா அவர்களே! கதிரை அடுக்கிக் களைத்த பெரியோர்களே! வேலை முடித்த கையோடு சேலை உடுத்து, நகரின் மறுகோடி ட்வெய்ட்டாவிலிருந்து ரயிலேறி வந்த தாய்மார்களே! தமிழ்நாட்டிலிருந்து வந்து எங்களோடு ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்களே! வணக்கம்.

எனக்குத் தந்தது நன்றியுரை. தந்த நேரம் ஐந்து நிமிடம். நான் டிராம் ஓட்டுகிறவள், நேரம் தவறமாட்டேன்.

முதல் நன்றி ஓர் இந்திப் படத்தின் பாட்டுகளுக்கு. இன்றைய நடனங்களைத் தூக்கி நிறுத்தியவை அவைதான். முதல் பாட்டில் கஸலின் கண்ணீரும் ஜாஸின் களிப்பும். இரண்டாவதில் பஞ்சாபி மேளம், அதன் முதுகில் சவாரி செய்யும் கணினி இசை. மூன்றாவதில் கவாலிக் கைதட்டலுக்குள் கிற்றார் புகுந்து கலகம் செய்கிறது. கை தட்டினீர்களா, இல்லையா? ஓம், பின்வரிசை அண்ணா, உங்கள் விசிலும் கேட்டது.

நான்காவது பாட்டு எங்கே?

அதே படத்தின் அந்தப் பாட்டு பறையில் தொடங்கும். பறை கேட்கும், சாக்சபோன் பதில் சொல்லும். அந்தப் பறையை இந்த மேடையில் நேரே அடிப்பதற்காகப் பதினேழு வயதுச் சோபிகா ஏழு மாதம் பழகினாள். பழக்கியவர் மதுரையிலிருந்து வந்த கணினிப் பொறியாளர் கோதை. அவர் "சூப்பர்டா, இன்னொரு வாட்டி" என்பார். இவள் "ஓம் அக்கா" என்பாள். பேச்சு வேறு, தாளம் ஒன்று.

சென்ற செவ்வாய் விழாக்குழு அந்தப் பாட்டை வெட்டியது. சொன்ன காரணம்: "இந்திப் பாட்டு கூடிப்போச்சு."

அப்படியானால் வெட்டிய இடத்தில் எதை வைத்தோம்? இரண்டாவது பாட்டையே, இன்னொரு குழுவுக்கு! ஒரே இந்திப் பாட்டை இன்று இருமுறை பார்த்தோமே, ஏன் என்று எவராவது கேட்டோமா? சிரிக்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

உண்மைக் காரணம், கூட்டம் முடிந்து கோப்பை கழுவும்போது குழுவில் ஒருவர் வாயிலிருந்து வெளிவந்தது. "அது செத்தவீட்டு மேளம், பிள்ளை. நல்ல நாளிலை அடிக்கேலாது. பிறகு, ஆரின்ரை பிள்ளை அடிக்குதெண்டு சனம் கேக்கும்."

அந்தக் கடைசி வசனத்துக்குப் பெயர் சாதி. வேறு பெயர் எனக்குத் தெரியாது.

சோபிகா என்னிடம் கேட்டாள்: "அக்கா, அந்தப் பஞ்சாபி மேளமும் தோல், இந்தப் பறையும் தோல். அது சரியெண்டா இது ஏன் பிழை? ஸ்கூலிலை கேட்டா நான் என்னண்டு சொல்லுறது?"

யார் சொல்வது? பஞ்சாபி மேளத்துக்குப் பாய் விரித்தோம். நம் பறைக்குப் படலை சாத்தினோம். பெயரைப் பார்த்து வீடு தர மறுத்தார்கள் என்று இந்த நகரில் கொதித்தோமே, நாம் இப்போது பார்த்தது என்ன? தாளத்துக்குத் தடையா? தோலுக்குத் தீட்டா? கடல் தாண்டி வந்தோம், பனி தாண்டி நடந்தோம்; இந்தப் படலையைத் தாண்ட மாட்டோமா?

என்ன மாமா? "தனுஷா, நன்றியை மட்டும் சொல்லு பிள்ளை" என்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வந்தேன். சமைத்தவர்களுக்கு நன்றி. ஆடியவர்களுக்கு நன்றி. மண்டபம் கூட்டப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே நன்றி. பேசாமல் இருந்த எனக்கு மட்டும் நன்றி இல்லை.

என் நேரத்தில் மிச்சம் இரண்டு நிமிடம். பாட்டு முழுவதற்கும் அது போதாது. பறை தொடங்கப் போதும். அந்த இரண்டு நிமிடமும் சோபிகாவுக்கு. கோதை, பாட்டைப் போடுங்கள். ஒலிவாங்கியை நிறுத்தச் சொல்கிறீர்களா, மாமா? நிறுத்துங்கள். பறைக்கு அது தேவையில்லை.

இருந்து கேட்கப்போகும் எல்லோருக்கும், எழுந்து போகப்போகும் சிலருக்கும், என் வணக்கம்.

ஏறி வா, சோபிகா. அடி!