அலாரம் அடித்த நத்தார்

“போன நத்தாருக்கு ஃபயர் அலாரம் அடிச்சபடியாலைதான் இப்ப நான் சந்தோசமா இருக்கிறன்.”

கிறிஸ்மஸ் நெரிசலில், மார்க்கம் வீதிப் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த வயதான அம்மா, பக்கத்தில் இருந்த இளம் பெண்ணிடம் சொன்னார்.

“என்ன கதை அன்ரி இது?”

“அவர் செத்தபிறகு நான் தனியத்தானே. பயத்தம் பணியாரம் சுடேக்கை புகைக்கு அடிக்காமல் அலாரத்தைப் பையாலை மூடிக் கட்ட மறந்திட்டன். அது அடிக்க, எங்கடை பத்தாம் மாடிச் சனம் முழுக்க வெளியிலை வந்திட்டுது. வெக்கத்திலை எல்லாருக்கும் பணியாரம் குடுத்தன். அதுக்குப் பிறகுதான் லிஃப்டிலை என்னோடை கதைக்கினம்.”

“அப்ப இந்த முறையும் அடிக்க விடுவியளோ?”

“விசரே உனக்கு? பை கட்டுவன். கதவைத்தான் திறந்து வைக்கப்போறன்.”

அந்த அம்மாவின் மடியில் இருந்த பயத்தம் மாப் பொதி ஒரு மாடிக்கே போதும்.