பத்தொன்பது ஒன்றுகள்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, கணிதத் துறைத் தோழர்களே, நம்மை விட்டுப் பிரிந்த பேராசிரியரிடம் மதிப்பெண் வாங்கத் திணறிய மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் அவர் துணைவியாரான அண்ணி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு சந்தேகத்தோடுதான் இந்த மைக்கின் முன் நிற்கிறேன்.

மறைந்த பேராசிரியப் பெருந்தகைக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘சந்தேகம் சார்’. பக்கத்து மேசையிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், அதைவிடப் பொருத்தமான பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குத் தரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், நாளைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்றபோது, “எதை வெச்சு சொல்றீங்க?” என்று கேட்டவர் அவர். அந்தச் சந்தேகமும் சரியாகப் போயிற்றே!

அவர் உயிராய் நேசித்த எண் எது? பத்தொன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருமே, அந்த எண். அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாது. கம்ப்யூட்டரே அப்படிச் சொல்கிறது என்றேன். “அது சொல்லிடுச்சு, சரி. சாட்சி எங்கே?” என்றார். ஒரு கோடை விடுமுறை முழுக்கக் கரும்பலகையில் கைக்கணக்காகவே போட்டார். அந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தார். மிஞ்சியதைக் காரணிகளாகச் சுக்குநூறாக உடைத்தார். அந்தத் துண்டுகளை வைத்தே, மூல எண் உடையாது என்று நிறுவினார். அதன் பிறகும் மனுஷனுக்குத் திருப்தி இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு என்னை முதலிலிருந்து போட்டுப் பார்க்கச் சொன்னார்.

அப்படிப்பட்டவருக்கு நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? எனக்குப் பின்னால் தொங்கும் பேனரைப் பாருங்கள். அவர் படத்துக்குக் கீழே அந்த எண், அதற்கும் கீழே ‘பகா எண்’ என்ற எழுத்து. கூட்டம் தொடங்கும் முன் எண்ணிப் பார்த்தேன். பதினெட்டுதான் இருக்கிறது! பதினெட்டு ஒன்றுகளை மூன்று வகுக்கும், ஏழு வகுக்கும், பதினொன்றும் பதின்மூன்றும் வகுக்கும். திறந்த வீடு மாதிரி யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம். கூட்டத்தை ஏற்பாடு செய்த செயலாளரிடம் சொன்னேன். “ஒரு ஒண்ணுதானே சார், யாரு எண்ணப் போறாங்க?” என்றார்.

யார் எண்ணுவார்? எண்ணுகிறவர்தானே போய்விட்டார்!

இதோ, இந்த வெள்ளைத் துணிக்குள் இருப்பது துறை வாசலில் பதிக்கப்போகும் நினைவுக்கல். பேனர் அடித்த அதே தாளைப் பார்த்துத்தான் கல்லும் வெட்டினார்களாம். சரியாகத்தான் இருக்கும் என்கிறார் செயலாளர். ‘இருக்கும்’ என்று சொல்லிவிட்டு நம் சந்தேகம் சார் வகுப்பில் யாராவது உட்கார்ந்ததுண்டா? ஒன்று குறைந்திருந்தால், அவர் வாழ்நாளில் சொல்லாத பொய்யை அவர் பெயருக்குக் கீழேயே வெட்டி வைத்தவர்கள் ஆவோம். பேனரைக் கிழித்துப் போடலாம். கல்லை என்ன செய்வது?

அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் எல்லாரும் உறுதி கூறினார்கள். நானும் கூறுகிறேன். ஆனால் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். அண்ணி, நீங்களே வந்து துணியை விலக்குங்கள். மற்றவர்கள் எழுந்து நில்லுங்கள். இப்போது மௌன அஞ்சலி. யாரும் தலை குனிய வேண்டாம். நிமிர்ந்து கல்லைப் பார்த்து, ஒவ்வொருவரும் தனித்தனியாக எண்ணுங்கள். பக்கத்தில் நிற்பவர் சொல்லும் விடையை நம்பாதீர்கள். என்னையும்தான்.