ஆஃபுங்க

— காசியம்மா போன சேதி எனக்கு நேத்துதாங்க தெரியும் பாரதி. தெரிஞ்சிருந்தா எடுக்கறதுக்கு முன்னாலயே வந்து மொகத்தப் பாத்திருப்பன். எங்கம்மா வூட்டோட இண்டூருக்குப் போனதுல இருந்து கடத்தூர்ப் பக்கத்துச் சேதியே வர்றதில்ல.

— நாங்கதான் சொல்லி அனுப்பல அன்பரசிக்கா. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது. உங்கூட்டுக்காரர் உசுரு போனது எங்க கெணத்து மோட்டாருல. எங்கத்தை செத்துட்டாங்க, வாங்கன்னு உங்களையே வந்து கூப்புடறதா?

— அதெல்லாம் எதுக்குங்க இப்ப. காசியம்மா எனக்கு நல்லவங்க. அவரு இங்க வயரிங் வேலைக்கு வந்துட்டுத் திரும்புனா, பையில ஒரு சொரக்காயாச்சும் இருக்கும். கெதியா நல்லாத்தானே இருந்தாங்க. ஒடம்புக்கு என்ன ஆச்சு?

— ஒடம்புல ஒண்ணுமில்லன்னுட்டாங்கக்கா ஆஸ்பத்திரியில. பேச்சு கொறஞ்சிது, சோறு எறங்கல, படுத்தாங்க, போயிட்டாங்க. என்னத்த சொல்றது. ஒரே ஒரு வார்த்தைதான் அவங்கள தின்னுடுச்சி.

— யாராச்சும் ஏசிட்டாங்களா?

— அவங்க வாயில வந்த வார்த்தைதாங்கக்கா. அன்னிக்கி என்ன நடந்துச்சின்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?

— மெயின் சுச்சு ஆஃப் ஆவல, கரண்டு அடிச்சிடுச்சின்னாங்க. அதுக்கு மேல கேக்கற நெலமையில நான் இல்லீங்க.

— அப்ப நான் சொல்றன். தக்காளி ஏத்திக்கிட்டு சந்தைக்குப் போறப்ப மாமா அத்தைகிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு, போற வழியில மெயின ஆஃப் பண்ணிட்டுப் போறன், முருகேஷு வந்தா மோட்டாரப் பாக்கச் சொல்லுன்னு. மெயின் சுச்சு ரோட்டோரம் இருக்குது, மோட்டாரு இந்தக் கோடி. கொஞ்ச நேரத்துல உங்கூட்டுக்காரர் வந்துட்டாரு. அத்தைக்கு மனசு கேக்கல. மனுசன் ஞாபகமா பண்ணாரோ இல்லியோன்னு, இதோ இந்தக் களத்துல நின்னு மாமாவுக்கு போன் போட்டாங்க. சுச்சாஃப்னு வந்துச்சி. அந்த நேரம் பாத்து உங்கூட்டுக்காரரு மோட்டார் கொட்டாய்கிட்ட நின்னு, "ஆஃபாங்கம்மா?"ன்னு கேட்டாரு. அத்தை போனக் காதுல வெச்சபடியே, "ஆஃபுங்க"ன்னாங்க.

— மெயினச் சொன்னாங்களா?

— போனச் சொன்னாங்கக்கா. மாமா போன் ஆஃபா இருக்குதுன்னு. இருங்க, நானே நடந்து போய் மெயினப் பாத்துட்டு வரன்னு சொல்லத்தான் வாயெடுத்தாங்க. அதுக்குள்ள இவரு தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டாரு. அத்தை போட்ட சத்தம் கேட்டுத்தான் நான் மாட்டுக் கொட்டாயில இருந்து ஓடியாந்தன்.

— ம்.

— போலீஸ்காரங்க கேட்டப்ப மாமா மறந்துட்டன்னு ஒத்துக்கிட்டாரு. அத்தைய யாரும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாக்கூட கொட்டித் தீத்திருப்பாங்க. எங்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க. அப்பறம் பாருங்கக்கா, எங்க திரும்புனாலும் அந்த வார்த்தைதான். பால்காரரு ஆஃப் லிட்டராம்மான்னு கேப்பாரு. எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல இருந்து ஓடியாந்து இன்னிக்கி ஆஃப் டேன்னும். டிவிய ஆஃப் பண்ணு, ஃபேன ஆஃப் பண்ணுன்னு நாங்களும் வாய்க்கு வந்தபடி பேசிட்டிருப்போம். ஊருல குடிச்சிட்டு உழுந்து கெடக்கறவனக்கூட ஆளு ஆஃபுன்னுதான சொல்றாங்க. ஒவ்வொரு தடவையும் அத்தை கையில இருக்கறத அப்பிடியே வெச்சிட்டு எழுந்து போயிடுவாங்க.

— நீங்க என்ன பண்ணீங்க?

— வூட்ல அந்த வார்த்தைய நிறுத்திட்டோம். லைட்ட அணைன்னுவோம், அரை லிட்டருன்னுவோம். எம்பொண்ணும் பாதி நாளு லீவுன்னு சொல்லக் கத்துக்கிச்சி. பாருங்கக்கா, அதுவே வெனையாயிடுச்சி. நாங்க பாத்துப் பாத்துப் பேசறத அவங்க கண்டுக்கிட்டாங்க. என்னால எல்லாரும் வாயக் கட்டிக்கிட்டுத் திரியறீங்களேன்னாங்க. அதுல இருந்து அவங்க பேசறதே போச்சு.

— எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிருக்கலாமே.

— அவங்களே கெளம்புனாங்கக்கா, உங்களப் பாக்கணும்னு. தனியாத்தான் போனாங்க. தருமபுரி பஸ்ஸ்டேண்டுல இண்டூர் வண்டி ஒண்ணு போச்சாம், அடுத்ததும் போச்சாம். ஏறாம திரும்பி வந்துட்டாங்க. ஏன் அப்பிடிச் சொன்னன்னு அந்தப் பொண்ணு கேட்டா நான் என்னன்னு பதில் சொல்லுவன் பாரதின்னு கேட்டாங்க.

— பாரதி, காசியம்மா இந்தக் களத்துலதான நின்னாங்க?

— ஆமாங்கக்கா.

— அவரு அந்தக் கொட்டாய்கிட்ட?

— ஆமா, அந்தத் தென்னமரத்துக்கு அந்தப் பக்கம். ஏங்கக்கா, என்னமோ மாதிரி ஆயிட்டீங்க. தண்ணி கொண்டாரட்டுமா?

— வேணாம், ஒக்காருங்க. தெரிஞ்சா யாரும் வேலைக்குக் கூப்புட மாட்டாங்க, வெளிய மூச்சு உடாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிருந்தாரு. அவரு போனப்பறமும் அவரு பேரு கெடக்கூடாதுன்னு நான் வாயத் தொறக்கல. இங்க ஒருத்தங்க இப்பிடி வெந்துக்கிட்டு கெடந்தாங்கன்னு தெரியாமப் போச்சே.

— என்னங்கக்கா சொல்றீங்க?

— அவருக்குக் கடைசி ரெண்டு வருசமா காதே கேக்காதுங்க பாரதி. போன் வந்தாக்கூட நாந்தான் எடுத்துப் பேசுவன். எதுருல நின்னு மொகத்தப் பாத்துப் பேசுனாத்தான் வெளங்கும். இங்க இருந்து அவங்க என்ன சொல்லிருந்தாலும், அவருக்கு அது கேட்டே இருக்காதுங்க.