பச்சைப் படத்தைக் காணல்ல

"இந்த ஃபோனில படங்கள் ஓடித் திரியக்கூடாது எண்டு எழுது புள்ள," என்றார் எனக்கு முன் சீற்றில் இருந்த அம்மா. வாகரையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் காலை பஸ். பக்கத்தில் இருந்த இளம்பெண் அவருடைய ஃபோனைக் கையில் வைத்திருந்தாள். திரையை எப்படித் திருத்தலாம் என்று ஃபோன் கம்பெனி கேட்டு அதில் ஒரு செய்தி வந்திருந்ததாம்.

"எந்தப் படம் மாமி?"

"ஆக்களோட கதைக்கக் கோல் எடுக்கிற பச்சைப் படம். எப்பவும் கீழ மூலையிலதான் கிடக்கும். எங்கட வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்த அண்டைக்குப் பாத்தா அதைக் காணல்ல. என்ர கை பட்டு எங்கயோ போயிட்டு. தடவித் தடவிப் பாத்தன், வேற வேற படமா வருது. கடைசியில ஃபோனைப் போட்டிட்டு ரோட்டுக்கு ஓடினன். ஒரு மீன் லொறிக்காரன்தான் ஆசுபத்திரிக்கு ஏத்திட்டுப் போனான்."

"பெரிசா, ஒரே இடத்தில, அசையாம இரிக்கணும் எண்டு எழுதட்டா?"

"ஓம். அப்பிடியே எழுது."

அவள் தட்டத் தொடங்கினாள். மாமி கண்ணை மூடிச் சீற்றில் சாய்ந்தார். மூன்று கிழமையாக ஆசுபத்திரியில் இருக்கும் கணவரைப் பார்க்க இதே பஸ்ஸில் போய்வருவதாகச் சற்று முன்னர் கொண்டக்டரிடம் சொல்லியிருந்தார். ஓட்டமாவடிப் பாலம் தாண்டியது.

"எழுதிட்டன் மாமி. அனுப்பட்டா?"

"பொறு புள்ள. அவர் இப்ப எழும்பி இருந்து கஞ்சி குடிக்கிறார் எண்டும் போடு. இல்லாட்டி வாசிக்கிற கம்பெனிப் பிள்ளைகள் அவருக்கு என்னாச்சோ எண்டு யோசிக்கும்."

அவள் அதையும் எழுதினாள்.