யாருக்கும் வலிக்காத படம்

என் மனைவி ஷெர்லீன் வாசிப்பது வயலின் அல்ல, வயோலா. வாக்குமூலத்தில் அதை முதலில் திருத்திவிடுங்கள், இன்ஸ்பெக்டர் திருச்செல்வம். உங்களைக் குறை சொல்லவில்லை, எல்லோரும் செய்கிற தப்புதான். வயோலா உருவத்தில் கொஞ்சம் பெரியது, குரலில் கொஞ்சம் தணிந்தது. கோலாலம்பூரில் ஒரு பெரிய இசைக்குழுவின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதை அவள் பல வருடம் வாசித்தாள். மேடை நிறைய ஆட்கள், எல்லோருக்கும் ஒரே கறுப்புடை, கைதட்டல் மட்டும் முன்னால் நின்று குச்சி ஆட்டி நடத்துகிறவருக்கு. அப்படிப்பட்ட உத்தியோகம்.

நான் திரைப்பட இயக்குநர். எங்கள் ஊர் புக்கிட் பெருவாங்கில் யாராவது என்னைக் கல்யாண வீடியோ யூஜின் என்று சொல்லியிருந்தால், அது ஓர் இடைக்கால ஏற்பாடு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் ஒரு மனிதனின் தனிமையைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்திருக்கிறேன். கோலாலம்பூர் விழா ஒன்றில் திரையிட்டார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள், அவர்களிலும் சிலர் தூங்கிவிட்டார்கள். விழா முடிந்ததும் தயாரிப்பாளர் புவனேந்திரன் என் தோளில் கை போட்டார்.

"நல்லா எடுத்திருக்கே யூஜின். ஆனா உன் படத்துல யாருக்கும் வலிக்கல லா."

நியாயமான விமர்சனம். நான் விமர்சனத்தை ஏற்றுக்கொள்ளும் ஆள்.

அந்தச் சமயத்தில்தான் ஷெர்லீனின் குழுவில் வயோலாக்களின் முதல் நாற்காலி காலியானது. அதற்கு ஆடிஷன் வைத்தார்கள். அந்த நாற்காலி கிடைத்தால் கச்சேரி முடிவில் அவளைத் தனியே எழுப்பி நிறுத்துவார்கள், சபை அவளுக்கென்று கைதட்டும். அவள் அதிகாலையிலும் வாசித்தாள், சோறு வெந்துகொண்டிருக்கும்போதும் வாசித்தாள். கலைஞர்கள் பொறாமைக்காரர்கள் என்பார்கள். எனக்கு அந்த நோய் கிடையாது. தேவாலயத்தில் புதிதாக வந்த பாதிரியார்கூட என்னை "ஷெர்லீன் ஹஸ்பண்ட்" என்றுதான் கூப்பிட்டார், நான் சிரித்துக்கொண்டே கை கொடுத்தேன்.

அவள் முயற்சியை ஆவணப்படமாக எடுக்க முடிவு செய்தேன். மனைவிக்கு ஒரு கணவன் இதைவிட என்ன செய்ய முடியும். கொஞ்ச நாளிலேயே சிக்கல் புரிந்துவிட்டது. ஒரு பெண் வாசிக்கிறாள், சாப்பிடுகிறாள், மறுபடி வாசிக்கிறாள். முன்னைவிட நன்றாக வாசிக்கிறாள். இதில் பார்க்க என்ன இருக்கிறது. எடுத்தவரைக்கும் புவனேந்திரனுக்கு அனுப்பினேன். வாசிப்பு பிரமாதம் என்றார், கதை எங்கே என்று கேட்டார். இரண்டும் உண்மைதான்.

ஜெயித்துக்கொண்டே போகிறவர்களைப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை, இன்ஸ்பெக்டர். விழுந்து எழுந்திருப்பவர்களைப் பார்க்கத்தான் ஆள் வரும். ஷெர்லீன் விழுகிற சாதியில்லை. யாராவது கொஞ்சம் உதவ வேண்டியிருந்தது.

நான் அவசரப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஜாசினில் இருக்கும் மாமியார் ஜெயமேரி வீட்டுக்குச் சாப்பிடப் போவது எங்கள் வழக்கம். அங்கேயும் வாசிப்பதற்காக வயோலாவைப் பின்சீட்டில் வைப்பாள். உள்ளே குனியும்போது இடது கையால் இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள கம்பத்தைப் பிடித்துக்கொள்வாள். முன்கதவு திறந்திருந்தால் விரல்கள் சரியாக அது வந்து மூடுகிற இடத்தில் இருக்கும். அவள் பழக்கத்தை நான்தான் கவனித்தேன். இத்தனை வருடம் பக்கத்திலேயே வாசித்தவர்கள் கவனித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இடது கைதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தந்தியை அழுத்துவது இடது கை. வலது கையை நான் தொடவில்லை. அது போனால் எழுத, சமைக்க, சீப்பெடுத்துத் தலைவாரக்கூடச் சிரமம். அதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

முந்தின நாள் ஒரு கேரட்டை வைத்துக் கதவை மூடிப் பார்த்தேன். வேகம் கொஞ்சம் அதிகமாக இருந்தது, கேரட் இரண்டாகப் போய்விட்டது. குறைத்துக்கொண்டேன். நான் கொடூரமானவன் இல்லை.

ஞாயிறன்று கேட்டுப் பக்கம் ட்ரைபாடில் கேமராவை நிறுத்தினேன். கிளம்பும் காட்சி வேண்டும் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே முடியைச் சரிசெய்துகொண்டாள். மழை பெய்து விட்டிருந்தது, போர்ச்சில் வெளிச்சம் பால் மாதிரி விழுந்தது. கார் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்திருந்தேன். அவள் குனிந்தாள். நான் முன்கதவை மூடினேன். உடனே திறந்தும் விட்டேன். பிறகு கேமராவுக்குப் பின்னால் போனேன்.

இரண்டு விரல் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்தார்கள். மோதிர விரல் அதற்குப் பிறகு மடங்கவில்லை. தெரியாமல் மூடிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். மாமியார் எனக்காக ஜெபம் செய்தார். ஆடிஷன் நாள் வந்தது, போனது. நாற்காலி வேறொருவருக்குப் போனது. ஒருநாள் நான் கட்டிலோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தபோது, ஷெர்லீன் கட்டுப்போட்ட கையை என் முதுகில் வைத்தாள்.

"நீங்க என்ன, வேணும்னேவா செஞ்சீங்க? அழாதீங்க."

அலமாரி மேலிருந்த கேமரா அதையும் பதிவுசெய்தது. படத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடம் அதுதான்.

படம் பேசப்பட்டது. புவனேந்திரன் இப்போது வலிக்கிறது என்றார். பெரிய விழாவில் பரிசு கொடுத்தார்கள். மேடைக்கு ஷெர்லீனையும் அழைத்தேன். சபை எழுந்து நின்று அவளுக்காகக் கைதட்டியது. முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு கிடைத்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள். அவள் மட்டும் தட்டவில்லை, கை ஒத்துழைக்கவில்லை.

போஸ்டர் வரைந்தது தேவமலர், ஷெர்லீனோடு ஜாசினில் ஒன்றாகப் படித்தவள். ஓவியர். பிள்ளைகள் புத்தகங்களுக்கு முயலும் யானையும் வரைகிறாள். கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் "சும்மா ஒரு சின்ன படம்தானே" என்பார்கள், அவளும் வரைந்து கொடுப்பாள். பரிசுக்குப் பிறகு புது போஸ்டர் பற்றிப் பேச ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்தோம். கதவுக் காட்சியை வரையப்போவதாகச் சொல்லிவிட்டு, சாதாரணமாக ஒரு வார்த்தை விட்டாள்.

"லக்குதான் அண்ணே. அந்த நேரம் பார்த்து கேமரா ஓடிக்கிட்டிருந்துச்சே."

லக்கு. பத்திரிகையிலும் ஒருவர் அப்படித்தான் எழுதியிருந்தார், தற்செயலாக அமைந்த காட்சி என்று. எவ்வளவு நாள் பொறுப்பது. படைப்பாளியின் உழைப்பை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதினால் யார் வாயை மூடிக்கொண்டிருப்பார். நான் பொறுமையாக விளக்கினேன். மழை விட்டதும் வரும் வெளிச்சம், தரையில் டேப், கதவின் விளிம்பில் முன்கூட்டியே வைத்த ஃபோகஸ், கேரட். ஒரு ஓவியருக்கு இந்த நுணுக்கம் புரியும் என்று நினைத்தேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். வேலையின் அருமை தெரிந்து யாரிடமோ சொல்லப்போகிறாள் என்றுதான் எண்ணினேன். எனக்கு மீ கோரெங் வந்தது, சாப்பிட்டேன். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

ஆம், இன்ஸ்பெக்டர். வேண்டுமென்றேதான் மூடினேன். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், தற்செயல் என்ற வார்த்தை எங்கும் வரக்கூடாது.

நேற்று ஷெர்லீன் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள். திட்டவில்லை, அழவுமில்லை. ஏன் செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் கத்துனேனே. நீங்க ஏன் கிட்ட வரல?"

அவளிடம் நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

"கிட்ட வந்திருந்தா ஃபிரேமை மறைச்சிருப்பேன்" என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். கோபம் தணிய நாளாகும், எனக்கு அவளைத் தெரியும். நான் அவளை எவ்வளவு நேசிக்கிறேன் என்பதில் யாருக்காவது சந்தேகமிருந்தால், படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.