மீன்பிடிக் கூடாரத்துக்குச் சிவப்புச் சிலிண்டர் வாங்கிய விடயம்

பெயர்: சின்னத்துரை யோகராஜா. வயது: 63. தொழில்: பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். வசிக்கும் இடம்: அப்டன் பார்க், லண்டன், தனியாக. வாக்குமூலம் எடுக்கப்பட்ட இடம்: மருத்துவமனை, நான்காம் மாடி, வார்டை அடுத்த சிறிய அறை. திகதியும் நேரமும்: 2025 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.40.

பொலிஸ் உத்தியோகத்தர் கேட்கும் கேள்விகளுக்கு நான் தமிழில் பதில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் கோசிகா அதைத் தமிழிலேயே எழுதுகிறார். எனக்கு ஆங்கிலம் தெரியும். இந்த விடயத்தை ஆங்கிலத்தில் சொன்னால் நான் நினைக்காத சொல் வாயில் வந்துவிடும் என்று நானே கேட்டதால் அவர் அழைக்கப்பட்டார்.

நான் 1989ஆம் ஆண்டு இந்த நாட்டுக்கு வந்தேன். பஸ் பணிமனையில் இருபத்தொன்பது வருடம் வேலை செய்து 2021இல் விலகினேன். என் மனைவி கமலாம்பிகை 2023 மார்ச்சில் இதே மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் காலமானார். எங்களுக்கு ஒரே மகள், ஜதுர்ஷிகா. அவர் மருந்தாளராக வேலை பார்க்கிறார். கணவருடன் ஹரோவில் இருக்கிறார்.

நான் வேலையை விட்டு விலகிய அன்று சக ஊழியர்கள் எனக்கு ஒரு தூண்டில் பரிசாகத் தந்தார்கள். எனக்கு மீன்பிடியில் விருப்பம் என்று யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதுவரை தூண்டிலைத் தொட்டதில்லை. மனைவி இருக்கும்வரை அது படிக்கட்டுக்குக் கீழே அலுமாரிக்குள் கிடந்தது. அவர் போன பிறகு, அந்த வருடக் கோடையில், அதை எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினேன்.

நான் போவது லண்டனின் கிழக்கு ஓரத்தில், பாதாள ரெயில் முடியும் இடத்துக்கு அப்பால் உள்ள ஒரு தனியார் குளம். அனுமதிச் சீட்டு என்னிடம் உண்டு. பிடிக்கும் மீனைத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். கரையைச் சுற்றி இலக்கமிட்ட பதினான்கு மரத்தட்டுகள் உள்ளன. ஒன்றில் ஒருவர்தான் இருக்கலாம். நான் சனிக்கிழமைகளில் பன்னிரண்டாம் தட்டில் இருப்பேன். பதினோராம் தட்டில் வெள்ளைத் தாடி வைத்த ஓர் ஆங்கிலேயர் இருப்பார். இரண்டு குளிர்காலமாக நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டால் கையை உயர்த்துவோம், அவ்வளவுதான். எதற்காகக் குளத்துக்குப் போகிறேன் என்று உத்தியோகத்தர் கேட்கிறார். அங்கே ஒருவரும் கதைப்பதில்லை. கதைக்காமல் இருப்பது அங்கே வழக்கம். என் வீட்டில் அது வழக்கமாக இருக்கவில்லை.

சென்ற நவம்பரில், முன்பக்கம் தண்ணீரைப் பார்த்துத் திறக்கும் ஒரு பச்சைக் கூடாரம் வாங்கினேன். தேநீர் வைக்கவும் கை சூடாக்கவும் சிறிய பியூட்டேன் குடுவையில் எரியும் அடுப்பொன்றைப் பாவித்தேன். டிசம்பர் முதற் சனிக்கிழமை குளிர் பூச்சியத்துக்கு இறங்கியபோது, குடுவையில் வாயு இருந்தும் சுடர் சுருங்கி அணைந்துவிட்டது. அந்தக் குளிரில் பியூட்டேன் திரவமாகவே நின்றுவிடும், வாயுவாக மாறாது என்பது மெக்கானிக் ஆனபடியால் எனக்குத் தெரியும். ஆகவே புரொப்பேன் சிலிண்டர் ஒன்று வாங்கத் தீர்மானித்தேன்.

அதன் பின்னர், வீட்டுக்குக் கிட்டவுள்ள எங்களுடைய ஆட்களின் இரும்புப் பொருட்கடை ஒன்றுக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் அஞ்சலீனா என்ற பிள்ளை என்னைக் கவனித்தார். நீலச் சிலிண்டர் பியூட்டேன், சிவப்புச் சிலிண்டர் புரொப்பேன் என்று காட்டி, "அங்கிள், குளிருக்கு சிவப்புத்தான் சரி. நீலம் வெளியில வைச்சா நித்திரை கொண்டிடும்" என்றார். சிவப்பில் மூன்று அளவு இருந்தது. பதின்மூன்று கிலோவை என்னால் தூக்க ஏலாது. ஆறு கிலோ தூக்கலாம், ஆனால் கார் நிறுத்தும் இடத்திலிருந்து என் தட்டுக்கு அரை மைல் நடக்க வேண்டும். என் வலது தோள் சரியில்லை. கடைசியாக மூன்றே முக்கால் கிலோவைச் சற்றுத் தாண்டிய சிறிய சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். இரும்போடு சேர்த்தும் பத்துக் கிலோ அளவுதான். நான் பார்த்து வைத்த ஹீற்றர் மணிக்கு நூற்றுப் பத்துக் கிராம் எரிக்கும். சனிக்கிழமைக்கு ஆறு மணித்தியாலம் என்று பார்த்தால் ஆறு சனிக்கிழமைக்குக் காணும். இந்தக் கணக்கை நான் கடையில் நின்று உறையொன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். அந்த உறையைத்தான் பொலிஸார் என் காரில் எடுத்தார்கள். சாக நினைத்தவன் ஆறு கிழமைக்குக் கணக்குப் பார்க்க மாட்டான் என்பதை உத்தியோகத்தர் கவனிக்க வேண்டுகிறேன்.

அன்று நான் வாங்கவில்லை. அடுத்த கிழமை மறுபடி போய், குழாயின் காலாவதித் திகதியையும் ரெகுலேற்றரையும் பற்றி விசாரித்தேன். அவை எனக்கு முன்பே தெரிந்தவை. மூன்றாம் முறை, ஜனவரி 9ஆம் திகதி வியாழக்கிழமை, சிலிண்டர், ரெகுலேற்றர், குழாய், ஹீற்றர், காபன் மொனொக்சைட் எனும் மணமில்லாத நச்சுவாயுவைக் கண்டு ஒலிக்கும் அலாரம் ஆகியவற்றை வாங்கினேன்.

கடை சரியாக எச்சரித்ததா என்று கேட்கப்பட்டது. எச்சரித்தது. ஹீற்றர்ப் பெட்டியில் திறந்த வெளிக்கு மட்டும் என்று எழுதியிருந்ததை அஞ்சலீனா விரலால் தொட்டுக் காட்டினார்.

"அங்கிள், இதை கூடாரத்துக்குள்ள வைக்கக் கூடாது. வாசலுக்கு வெளியில வையுங்கோ. தனியவோ போறீங்கள்?"

"இல்லைப் பிள்ளை, சிநேகிதர் ஒருத்தரும் வாறவர்" என்று சொன்னேன்.

"அப்ப பறுவாயில்லை. ஆளை ஆள் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார்.

நான் சொன்னது பொய். அப்படி ஒரு சிநேகிதர் இல்லை. நான் உண்மை சொல்லியிருந்தால் அவர் ஹீற்றரைத் தந்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். இதில் அந்தப் பிள்ளை மீதோ கடை மீதோ எந்தக் குற்றமும் இல்லை.

அதன் பின்னர், ஜனவரி 11ஆம் திகதி சனிக்கிழமை காலை ஒன்பது மணியளவில் குளத்துக்குப் போனேன். கரையோரம் நகத் தடிப்புக்கு ஐஸ் பிடித்திருந்தது. தடியால் அதை உடைத்துத் தூண்டிலைப் போட்டேன். மீன் இழுத்தால் ஒலிக்கும் சிறிய கருவி தூண்டிலில் பூட்டியிருந்தது. பிறகு ரெகுலேற்றரைப் பூட்டி, இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, குமிழி வராததைக் கண்டு, ஹீற்றரைக் கூடார வாசலுக்கு வெளியே வைத்து மூட்டினேன். அலாரத்தை உள்ளே பின் கம்பியில் கொழுவினேன்.

பதினொன்றரை மணிக்கு மகளுக்குக் கைத்தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பினேன். அது வருமாறு: "அப்பா குளத்தடியில நிக்கிறன். வீட்டுத் திறப்பு பின்பக்கச் சாடிக்குக் கீழ இருக்கு. பிரிட்ஜில கறி வைச்சிருக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் சுகமா இருங்கோ." இதை விடைபெறும் செய்தி என்று மகள் எடுத்திருக்கிறார். தாயின் தையல் மெசினை எடுக்க ஏதாவது ஒரு சனிக்கிழமை வருவேன் என்று அவர் ஒக்டோபரில் சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமை அன்றாக இருக்கலாம் என்று நினைத்தே அனுப்பினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கறி வைத்துவிட்டுத்தான் போவேன். கதவைத் திறக்கும் திறப்பைப் பற்றி எழுதியது அதுவே முதல் தடவை.

அதற்குப் பிறகு, பன்னிரண்டேகால் அளவில், தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று வீசத் தொடங்கி ஹீற்றர் இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை நான் அதை உள்ளே எடுத்து வைத்து, வாசல் துணியை ஒரு சாண் இடைவெளி விட்டு இறக்கினேன். செய்யக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பத்து நிமிடம்தானே என்று நினைத்தேன்.

ஒரு மணியளவில் ஒலி கேட்டது. மீன் என்று நினைத்து வெளியே போனேன். தூண்டில் அசையாமல் இருந்தது. உள்ளே திரும்பியபோதுதான் ஒலிப்பது வாயு அலாரம் என்று கண்டேன். நான் வாசல் துணியை முழுவதும் உயர்த்தினேன். ஒலி நிற்கவில்லை. ஆகவே அலாரத்தின் பற்றரியைக் கழற்றினேன்.

ஏன் கழற்றினேன் என்று உத்தியோகத்தர் மூன்று முறை கேட்டார். அதற்கு முந்திய சனிக்கிழமை காற்றில் என் தூண்டில் கருவி ஓயாமல் ஒலித்தபோது, பதினோராம் தட்டுக்காரர் எழும்பி நின்று என் பக்கம் நெடுநேரம் பார்த்தார். அவருக்குக் கோபம் என்று நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு குளிர்காலமாகக் கையை உயர்த்தும் ஒரு மனிதர், இனி அதையும் செய்யாமல் விடுவார் என்று பயந்தேன். அதனால் கழற்றினேன்.

பிறகு சில நிமிடத்தில் குளிர் தாங்காமல் துணியை மறுபடி இறக்கினேன். தலை வலியால் இடித்தது. கதிரையில் இருந்தேன். அதன் பின்னர் எனக்கு நினைவில் இருப்பது வானமும், என் முதுகின் கீழ் ஈரப் புல்லும், முகத்துக்கு மிகக் கிட்ட ஒரு வெள்ளைத் தாடியும்.

நடந்ததைப் பின்னர் அறிந்துகொண்டேன். ஒன்றரை மணிக்குப் பிறகு என் தூண்டிலில் உண்மையாகவே மீன் பட்டு, கருவி விடாமல் ஒலித்திருக்கிறது. நான் வெளியே வராததைக் கண்டு அந்த மனிதர் வந்து துணியைக் கிழித்துத் திறந்து, எரிந்துகொண்டிருந்த ஹீற்றரை வெறுங்கையால் பிடித்து வெளியே எறிந்துவிட்டு, என்னைக் காலில் பிடித்து இழுத்திருக்கிறார். அம்புலன்ஸை அழைத்ததும் அவரே. அவர் பெயர் மல்கம் என்பதை அம்புலன்ஸ்காரர் படிவத்தில் எழுதும்போதுதான் முதல் முறை கேட்டேன்.

நேற்றுப் பின்னேரம் மல்கம் என் தூண்டிலையும் கொண்டு வார்டுக்கு வந்தார். வலது கை முழுவதும் கட்டு. ஒரு மணித்தியாலம் இருந்தார். அந்தச் சனிக்கிழமை எழும்பி நின்று பார்த்தது, கருவியின் ஒலியை எப்படிக் குறைப்பது என்று காட்டவா வேண்டாமா என்று யோசித்துத்தானாம். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்து விட்டுவிட்டாராம். முப்பத்தைந்து வருடம் இங்கே இருக்கிறேன் என்றேன். அவர் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய மனைவி முதியோர் இல்லத்தில் இருக்கிறார், அவருக்குத் தன் கணவரை அடையாளம் தெரிவதில்லை என்றும் சொன்னார். அவர் கையில் பட்ட காயத்துக்கு நானே பொறுப்பு.

மகள் சனிக்கிழமை பின்னேரமே வந்துவிட்டார். மருந்துக்கடை அங்கியைக் கழற்றாமலே வந்திருந்தார். தாதி வெளியே போன பிறகு என் கட்டிலடியில் நின்று கேட்டார்.

"அப்பா, என்னட்டை மறைக்காதேங்கோ. நீங்கள் வேணுமெண்டோ செய்தனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

"அப்ப ஏன் பற்றரியைக் கழட்டினீங்கள்?"

அவர் என் கைத்தொலைபேசியை எடுத்து, அதில் தனக்கு அனுப்பிய பழைய செய்திகளை மேலே மேலே தள்ளி வாசித்தார். பெரும்பாலானவற்றுக்கு அவர் பதில் அனுப்பியிருக்கவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு வேலை அதிகம். அவர் வாசித்து முடிக்கும்வரை நான் கண்ணை மூடியிருந்தேன்.

உத்தியோகத்தர் இறுதியாகக் கேட்பது: தலை இடித்தபோது என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கியதா, எழும்பி வெளியே போகக்கூடியதாக இருந்ததா. விளங்கியது. கால் அப்போது பாரமாக இருந்தது, ஆனாலும் எழும்பியிருக்கலாம். நான் அங்கே போனது சாகிறதுக்கு அல்ல. அந்த நேரம் கூடாரம் நல்ல சூடாக இருந்தது. இரண்டு வருடத்தில் எனக்கு உடம்பு முழுவதும் சூடானது அன்றுதான். வெளியே போனால் குளிரும், பிறகு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம் என்று இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. மகளிடம் "இல்லை" என்று சொன்னபோது இந்தப் பகுதியை நான் சொல்லவில்லை.

இதன் பிரதி ஒன்றை மகளுக்குக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டாம். தமிழ் எழுத்து அவருக்கு மெதுவாகத்தான் வாசிக்க வரும், ஆனால் வாசிப்பார். அவர் இப்போது வெளியே தாழ்வாரத்தில் இருக்கிறார்.

மேலே உள்ளதைக் கோசிகா முதலிலிருந்து கடைசிவரை எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரு சொல்லையும் மாற்றும்படி நான் கேட்கவில்லை. எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நல்ல நினைவோடு, என் அறிவுக்கு எட்டியவரை உண்மையையே சொல்லியிருக்கிறேன். இதில் தெரிந்தே பொய் இருந்தால் சட்டப்படி தண்டனைக்குள்ளாவேன் என்பதையும் அறிவேன்.

(ஒப்பம்) சி. யோகராஜா