மன்னிப்பைப் பற்றிப் பேச வருகிறேன்

ஹலோ... ஆமா, பட்டு சொசைட்டி ஆபீஸ்தான். பரசுராமன் பேசறேன்... யாரு, அருமைநாதன் அய்யாவா? சர்ச் செக்ரட்டரியே போன் பண்றீங்க... ம்... சாப்பிட்டேன்... ம், தூங்கறேன்.

நோட்டீஸா? பார்த்தேன். பெரிய வெள்ளிக்கு, ஏசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையை ஆளுக்கு ஒண்ணா ஏழு பேர் பேசறது. முதல் வார்த்தை, மன்னிப்பு. அதுக்கு என் பேரு... ஆமா, வருஷா வருஷம் பேசறவன்தான். இந்த வருஷம் ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிச்சிருக்கலாமே... ஓ, பிரஸ்காரன் பழசைப் பார்த்தே அடிச்சிட்டானா. சரி சரி.

கோவமா? இல்லீங்க. சுகிர்தம் போனதிலேர்ந்து எனக்கு ஒண்ணுமே வரலை. பொண்டாட்டி செத்தா அழுகையாவது வரணும். அதுவும் வரலை.

என்னது, விசுவாசமா?... அய்யா, எனக்கு சாமி இல்லைன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியும். சபைன்னா சாவுல கூட நிக்கற ஜனங்க, பரலோகம்னா அவ்ளோதான்னு போன வருஷம் அங்கயே பேசினேன். நீங்க முன்வரிசையில தலையாட்டிக்கினு இருந்தீங்க... ஆமா ஆமா, 'நல்லா இருக்குது தம்பி'ன்னு கையைக் குலுக்கினீங்க. அந்த ஒண்ணைத்தான் நான் நம்பினேன்.

ரூல் தெரியும். என்னை மாதிரி ஞானஸ்நானம் வாங்காதவனைக் கட்டினவளோட பெட்டி கோயிலுக்குள்ள வரக்கூடாது, அவளுக்கு சாவு மணி கூடாது. என் பேச்சு உள்ள வரலாம், அவ பொணம் வரக்கூடாது... குறுக்க பேசாதீங்க. பெட்டியைத் தூக்கினது எங்க தறிக்காரங்க. முசரவாக்கத்துல எங்கப்பா கரும்புக் கொல்லையில பொதைச்சேன். சபையில ஒரு ஆள் வரலை.

வராம இருந்துடறதா?... பிஷப் வர்றாரு, தெரியும். அதுக்குத்தான பயப்படறீங்க. வாலாஜாபாத் வரைக்கும் நோட்டீஸ் போயிருக்குது, நான் எப்படி வராம இருக்கறது? மன்னிப்பைப் பத்தித்தான் பேசுவேன். யாரை மன்னிக்கறதுன்னு சொல்ல வேணாமா? சர்ச் கமிட்டி மொத்தத்தையும் பேர் பேரா சொல்லி, அவங்கவங்க செஞ்சதையும் சொல்லி மன்னிக்கறேன். பிஷப் கேக்கட்டும்.

என்ன, அவளுக்கு மணியா? இப்ப அடிக்கறீங்களா? யார் காதுல விழ?... வேணாங்க.

உங்க பேரா? அது இல்லாமயா?... அழாதீங்க. உங்களைக் கடைசியா வெச்சிருக்கேன். எவனாவது இரக்கப்பட்டு அடிச்சிடப் போறான்னு, மணிக்கயித்தை அவுத்து வீட்டுக்கு எடுத்துக்கினு போனீங்களே. அதை மன்னிக்க கொஞ்சம் நேரம் புடிக்கும்... வெச்சிடறேன்.